இரண்டு வெள்ளைச் சேவல்கள்: நிறம் கணக்கிட்டு ஊர்க்கோழி வளர்க்கத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வளவுக்கு இரண்டு வெள்ளைச் சேவல்கள் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் வந்தன. முதலாவதைத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கினேன். பால் வெள்ளை, தேடிப் பார்த்தாலும் வேறு நிற இறகு ஒன்று கிடைக்காது. அதை நான்கு கறுப்புப் பேடுகளோடு விட்டு, முட்டைகளை அடைவைத்து, வெள்ளைக் குஞ்சுகளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பொரித்த பதினொரு குஞ்சுகளும் கறுப்பு. அயல் வளவுச் சேவல் வேலி பாய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, இரண்டு நாள் வேலிப் பொத்தல்களை அடைத்தேன். இரண்டாவது சேவல் லெகோர்ன் என்ற வெளிநாட்டு முட்டைக்கோழி இனத்தின் வழி வந்தது; மெலிந்த உடல், பெரிய கொண்டை, யாரைக் கண்டாலும் ஓட்டம். அதே பேடுகளோடு விட்டேன். குஞ்சுகள் அத்தனையும் வெளிர்மஞ்சள். வளர்ந்தபோது வெள்ளை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புத் துளிகள்.

கண்ணுக்கு ஒரே வெள்ளை. உள்ளே இரண்டு வேறு காரணங்கள். கோழியின் நிறத்தைப் பார்த்து அதன் குஞ்சின் நிறத்தைச் சொல்லப் போனால் பெரும்பாலும் ஏமாறுவீர்கள். குஞ்சுகளின் நிறத்தைப் பார்த்துத்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லலாம். ஆகவே கீழே வரும் படிகளில் பாதி நிறத்தைப் பற்றியவை அல்ல; கூடு, பென்சில், கொப்பி ஆகியவற்றைப் பற்றியவை.

இரண்டு மைக்கூடுகள்

கோழி இறகில் இருப்பவை இரண்டே சாயங்கள். ஒன்று கறுப்பு மெலனின், மற்றது சிவப்பு மெலனின். செம்பு, பொன், கபிலம், வெளிர்மஞ்சள் எல்லாம் இரண்டாவதன் அடர்வு வேறுபாடுகள். சாம்பலும் நீலமும் கறுப்பைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தது போன்றவை. வெள்ளை என்பது சாயமே அல்ல. சாயம் வராமல் தடுக்கப்பட்ட இடம். மஞ்சள் சோளமும் முருங்கையிலையும் போட்டால் முட்டைக்கரு நிறம் ஏறும், இறகு நிறம் ஏறாது. இதைச் சொல்லக் காரணம், தீனியால் சேவலைச் சிவப்பாக்கலாம் என்று எனக்கே ஒருவர் தூள் விற்றிருக்கிறார்.

எந்தச் சாயம், எந்த இடத்தில், எவ்வளவு என்பதைப் பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) தீர்மானிக்கின்றன. ஒவ்வோர் அலகும் கோழியிடம் இரண்டு பிரதிகளாக இருக்கும்; ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. (ஒரு முக்கியமான விலக்கு உண்டு, வரிக்கோழியைப் பற்றிச் சொல்லும்போது வருகிறது.) ஒரு பிரதியே தன்னைக் காட்டிக்கொண்டால் ஆட்சியானது, இரண்டு பிரதிகளும் சேர்ந்தால்தான் வெளித்தெரியும் என்றால் பின்னிடைவானது. சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் மெண்டலின் பட்டாணிச் செடியோடு படித்ததுதான். மெண்டலின் விதிகள் 1900இல் மறுபடியும் கண்டெடுக்கப்பட்டபோது, அவை விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் வில்லியம் பேற்சன் காட்டியது கோழிகளை வைத்துத்தான். பரீட்சைக்காகக் கீறிய அந்த நான்கு கட்டச் சதுரத்துக்குப் பெயர் தந்த பன்னெற்றும் கோழி ஆராய்ச்சிக்காரர். எனவே இது புத்தகத்திலிருந்து வளவுக்கு வந்த விடயம் என்பதைவிட, வளவிலிருந்து புத்தகத்துக்குப் போய்த் திரும்பி வந்தது என்பதே சரி.

முதற்படி: கறுப்பைச் சுத்தமாக்குங்கள்

எல்லோரும் முதலில் விரும்புவது நீலம், அல்லது வரி, அல்லது வெள்ளை. என் யோசனை, எதை விரும்பினாலும் கறுப்பில் தொடங்குங்கள். நீலமும் வரியும் கறுப்பின் மேல்தான் துலக்கமாகத் தெரியும். பல நிறம் கலந்த ஊர்க்கோழியின் மேல் அவற்றைப் போட்டால், என்ன நடந்தது என்று உங்களுக்கே விளங்காது.

முழுக்கறுப்பைத் தரும் அலகு ஆட்சியானது. ஆனால் ஒரு பிரதி மட்டும் இருக்கும் சேவலில் கழுத்து இறகிலும் தோளிலும் செம்பு நிறம் கசியும். பேட்டில் அந்தக் கசிவு குறைவு. சில வேளை தெரியவே தெரியாது. அதனால் ஆறு மாதச் சேவலை வெயிலில் பிடித்து, கழுத்து இறகுகளை விரித்துப் பாருங்கள். செம்பு தெரிந்தால் அது கலப்பு. சுத்தமான சேவலைப் பேட்டைவிடக் கவனமாகத் தேர்வு செய்யவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்: சேவல் உண்மையைக் காட்டிக்கொடுக்கும், பேடு மறைத்துவிடும்.

இன்னொன்று. கறுப்புக் கோழியின் குஞ்சு பொரித்தவுடன் முழுக்கறுப்பாக இருக்காது. வயிறும் சிறகு நுனியும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். நிறம் தவறிவிட்டது என்று அவற்றைக் கழிக்காதீர்கள். குஞ்சு மயிர் உதிர்ந்து இறகு முளைக்கும்போது அந்த வெள்ளை போய்விடும். என் முதல் அடையில் மூன்று நல்ல குஞ்சுகளை இப்படித்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தேன்.

இரண்டாம் படி: வேலியை நம்பவேண்டாம்

எங்கள் ஊர்க்கோழிகள் பகலில் மூன்று வளவு மேயும், இரவில் பூவரசிலோ மாமரத்திலோ ஏறிப் படுக்கும். கிடுகு வேலி அவற்றுக்கு ஓர் எல்லையே அல்ல. தகப்பன் யார் என்று நிச்சயமாகத் தெரியாத குஞ்சை வைத்துக் கணக்குப் பார்ப்பது, அரைகுறையாகக் கேட்ட கதைக்குத் தீர்ப்புச் சொல்வது போன்றது.

கம்பிவலையால் ஒரு கூடு அடியுங்கள். பத்தடிக்குப் பத்தடி இருந்தால் ஒரு சேவலுக்கும் நான்கைந்து பேடுகளுக்கும் போதும். மேலேயும் வலை வேண்டும். சேவல் தாவும், பருந்து இறங்கும். கீழே ஒரு வரிசைக் கல் பதியுங்கள், கீரியும் மரநாயும் தோண்டாமல் இருக்கும். ஒரு பக்கமாவது மர நிழல் விழட்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடைபட்ட கோழி முட்டையைக் குறைத்துவிடும். தகரத்தின் மேல் கிடுகோ பனையோலையோ பரப்பினால் வித்தியாசம் தெரியும்.

கூட்டுக்குள் விட்டவுடன் முட்டை சேர்க்கத் தொடங்கவேண்டாம். பேட்டின் முட்டைக்குழாயில் பழைய சேவலின் விந்து இரண்டு கிழமைக்கு மேலும் உயிரோடு தங்கியிருக்கும். பேடுகளைத் தனியாக அடைத்து மூன்று கிழமை பொறுத்து, அதன்பின் நீங்கள் தெரிந்தெடுத்த சேவலை விடுங்கள். அந்த மூன்று கிழமை முட்டைகளைப் பொரித்துச் சாப்பிடலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் தவறவிடுவது அநேகமாக இந்தப் படியைத்தான். பிறகு விஞ்ஞானம் பொய் என்பார்கள்.

மூன்றாம் படி: பென்சிலும் கொப்பியும்

ஒவ்வொரு முட்டையிலும் கூட்டின் எண்ணையும் திகதியையும் பென்சிலால் எழுதுங்கள். மை வேண்டாம், ஓட்டின் நுண்துளைகளால் உள்ளே இறங்கும். கூரான முனை கீழே இருக்கும்படி, வீட்டில் மிகக் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். ஒரு கிழமை வரை வைக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது குளிர்ந்த அறைக்கான கணக்கு. யாழ்ப்பாணத்துக் கோடையில் நான்கைந்து நாளுக்கு மேல் வைத்த முட்டையை நான் அடைவைப்பதில்லை. ஈர மணலில் புதைத்த மண்சட்டி கொஞ்சம் உதவுகிறது.

அடைக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை. கடகத்தில் வைக்கோல் பரப்பி, ஒரு கடகத்துக்கு ஒரே கூட்டின் முட்டைகளை மட்டும் வையுங்கள். வேறு பேடு வந்து அதே கடகத்தில் புதிதாக முட்டையிட்டுவிட்டுப் போகும்; பென்சில் குறி இல்லாத முட்டையைக் கண்டால் எடுத்துவிடுங்கள். ஏழாம் நாள் இரவு டோர்ச் ஒளியில் பிடித்துப் பார்த்தால், கரு ஏறிய முட்டையில் சிலந்திவலை போல நரம்புகள் தெரியும்.

இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. 37.5 பாகை செல்சியஸ், 21 நாள், நாளுக்குப் பல தடவை திருப்புதல் எல்லாம் சரியாகச் செய்வார்கள். மூன்று கூட்டு முட்டைகளையும் ஒரே தட்டில் வைத்திருப்பார்கள். பொரித்த பிறகு எழுத்து ஓட்டில் இருக்கும், குஞ்சு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்! பதினெட்டாம் நாள், திருப்புவதை நிறுத்தும்போது, ஒவ்வொரு கூட்டு முட்டையையும் தனித்தனி வலைப்பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள்.

பொரித்த அன்றே குஞ்சின் கால் நகத்தில் கூட்டுக்கு ஒரு நிறமாக நகப்பூச்சு. இரண்டாம் கிழமையில் மின்கம்பி கட்டும் பிளாஸ்டிக் பட்டியைக் காலில் தளர்வாக மாட்டுங்கள். கால் தடிக்கத் தடிக்கப் பட்டியை மாற்றவேண்டும். மறந்தால் சதைக்குள் இறங்கி நொண்டியாக்கும். கொப்பியில் ஒரு குஞ்சுக்கு ஒரு வரி: தாய், தகப்பன், பொரித்த நாள், அன்றைய நிறம், இரண்டு மாதத்தில் நிறம், ஆறு மாதத்தில் நிறம். மூன்று நிறப் பத்திகளும் வேண்டும். நிறம் நிலைப்பதற்கு முன் ஊர்க்கோழி மூன்று தடவை வேடம் மாற்றும்.

தீனி, நோய் பற்றி நீட்டவேண்டியதில்லை. இராணிக்கெட் என்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை மட்டும் பின்போடாதீர்கள். பிரதேச கால்நடை வைத்தியரைக் கேட்டால் எந்த வயதில் எது என்று சொல்வார். ஒரு வெள்ளைக்கழிச்சல் பரவினால் நான்கு வருடக் கொப்பி வெறும் தாளாகிவிடும்.

நான்காம் படி: நீலத்தில் கணக்குப் பழகுங்கள்

கோழிக்காரர் நீலம் என்பது வானநீலம் அல்ல. மழைக்கு முந்திய முகில் போன்ற கருஞ்சாம்பல். இறகு ஓரம் சற்றே கறுத்திருக்கும். கணக்குப் பழக இதைவிட நல்ல நிறம் இல்லை. ஆட்சி, பின்னிடைவு என்ற மறைவு விளையாட்டு இதில் கிடையாது. நீல அலகு எத்தனை பிரதி இருக்கிறது என்பதைக் கோழியே உடம்பில் எழுதிக் காட்டுகிறது.

நீல அலகு இல்லையென்றால் கறுப்பு. ஒரு பிரதி என்றால் நீலம். இரண்டு பிரதி என்றால் வெளுத்துப்போய், வெள்ளையில் சாம்பல் துளிகள் தெறித்ததுபோல் இருக்கும். அதைத் தெறிப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். இனிச் சோடிகள்:

நீலமும் நீலமும் சேர்ந்தால் நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு நீலம், ஒன்று தெறிப்பு.
நீலமும் கறுப்பும் சேர்ந்தால் பாதி நீலம், பாதி கறுப்பு.
நீலமும் தெறிப்பும் சேர்ந்தால் பாதி நீலம், பாதி தெறிப்பு.
கறுப்பும் தெறிப்பும் சேர்ந்தால் எல்லாமே நீலம்.

கடைசி வரியை மறுபடி வாசியுங்கள். நீலக் குஞ்சுகள் மட்டுமே வேண்டும் என்றால், நீலக் கோழி ஒன்றுகூட வளர்க்கத் தேவையில்லை. சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்காத, அழுக்குப் பிடித்த வெள்ளை போன்ற தெறிப்புச் சேவல் ஒன்றும், சுத்தக் கறுப்புப் பேடுகளும் போதும். ஐரோப்பியர் அந்தலூசியன் என்ற நீலக் கோழி இனத்தை எத்தனை காலம் வடிகட்டியும் அதில் கறுப்பும் தெறிப்பும் வந்துகொண்டே இருந்தன. வளர்த்தவர்களின் கவனக்குறைவல்ல அது. நீலம் என்பதே ஒரு பிரதி நிலை, அதை நிலைநிறுத்த முடியாது.

நான்கில் ஒன்று என்றால் நான்கு குஞ்சில் ஒன்று கட்டாயம் என்று பொருள் அல்ல. நீலமும் நீலமும் சேர்ந்த எட்டுக் குஞ்சுகளில் ஒரு தெறிப்புக்கூட வராமல் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்று. பன்னிரண்டு குஞ்சு என்றாலும் நூறில் மூன்று. ஓர் அடையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஊர்ச் சாம்பல் கோழி எல்லாமே இந்த நீலம் அல்ல. லவண்டர் என்று இன்னொன்று உண்டு. வெளிர்ந்த, ஓரக்கறுப்பு இல்லாத ஒரே சீரான சாம்பல், முழுக்கப் பின்னிடைவானது. இரண்டையும் பிரித்தறியக் கறுப்போடு சேர்த்துப் பாருங்கள். பாதிக் குஞ்சு சாம்பலானால் நீல அலகு. எல்லாமே கறுப்பானால் லவண்டர் ஒளிந்திருக்கிறது. அந்தக் கறுப்புக் குஞ்சுகளை வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தால் நான்கில் ஒன்று சாம்பலாகத் திரும்பி வரும். லவண்டருக்குள்ள வசதி, இரண்டு லவண்டர் சேர்ந்தால் குஞ்சு எல்லாம் லவண்டர்தான்.

நீல அலகு கறுப்பை மட்டுமே நீர்க்கச் செய்யும், சிவப்பைத் தொடாது. செம்பு கசியும் கறுப்பில் இதைப் போட்டால், சாம்பல் உடம்பில் செம்புக் கழுத்து வரும். அதுவும் அழகுதான், சிலருக்கு அதுதான் வேண்டும்.

ஐந்தாம் படி: வரிக்கோழியும் முதல்நாள் பிரிப்பும்

இந்த வழிகாட்டியில் பயன் அதிகமுள்ள பகுதி இதுதான். முட்டைக்காக வளர்ப்பவர், குஞ்சு பொரித்த அன்றே சேவல் எது பேடு எது என்று அறிந்தால், தீனிச் செலவில் பாதி மிஞ்சும். அதற்கு ஒரு நிற அலகு உதவுகிறது.

வெள்ளையும் கறுப்பும் குறுக்குக் கோடுகளாக மாறிமாறி வரும் இறகைப் பார்த்திருப்பீர்கள். பிளைமவுத் றொக் என்ற அமெரிக்க இனத்தின் அடையாளம் அது. இப்போது ஊர்க்கோழிகளிலும் அங்கங்கே தெரிகிறது. அந்த வரி அலகு பால் நிறமூர்த்தத்தில், அதாவது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில், இருக்கிறது. மனிதரில் ஆணுக்குத்தான் பால் நிறமூர்த்தங்கள் வேறு வேறானவை. பறவைகளில் அது தலைகீழ். சேவலுக்கு ஒரே வகை நிறமூர்த்தம் இரண்டு. பேட்டுக்கு அந்த வகையில் ஒன்றுதான், மற்றது வேறு வகை. முன்பு விலக்கு என்று சொன்னது இது: வரி அலகில் சேவலுக்கு இரண்டு பிரதிகள் இருக்கலாம், பேட்டுக்கு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றையும் அது மகனுக்கு மட்டுமே கொடுக்கும். மகளுக்குத் தகப்பனிடமிருந்துதான் வரவேண்டும்.

இதை வைத்து ஒரு சோடி அமையுங்கள். வரியில்லாத கறுப்பு அல்லது செஞ்சேவல். வரியுள்ள கறுப்புப் பேடுகள். மகன்கள் எல்லாம் தாயின் வரியைப் பெறுவார்கள். மகள்களுக்கு வரியே இராது. பொரித்த அன்று குஞ்சுகள் எல்லாம் கறுப்பு. உச்சந்தலையில் வெண்மஞ்சள் பொட்டு இருப்பவை சேவல், இல்லாதவை பேடு. கண்ணாடி வேண்டாம், வாலைத் தூக்கிப் பார்க்கவேண்டாம். முதல் உலகப்போர் காலத்தில் பிரித்தானியாவில் தீனி தட்டுப்பட்டபோது, சேவல் குஞ்சுகளை முதல் நாளிலேயே பிரித்துவிட இந்த வகைப் பால் இணைந்த நிறங்களைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் அதே பன்னெற்தான்.

சோடியை மாற்றிப் போட்டால் இந்தத் தந்திரம் வேலை செய்யாது. இரு பிரதி வரிச் சேவலும் கறுப்புப் பேடும் சேர்ந்தால் மகனும் மகளும் எல்லோரும் வரிதான். ஒரு பிரதி வரிச் சேவல் என்றால் இரு பாலிலும் பாதிப்பாதி. சேவலைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்: இரு பிரதி உள்ளது வெளிறித் தெரியும், வெள்ளைக் கோடு அகலமாக இருக்கும், ஒரு பிரதி உள்ளது பேட்டைப் போல இருண்டிருக்கும்.

எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாய் கறுப்பு அடிநிறம் இல்லாத, கபில வரி உடையதாக இருந்தால் குஞ்சுகளின் முதுகுக்கோடும் தலைக்கோடும் பொட்டை மறைத்துவிடும். சேவல் லெகோர்ன் போன்ற ஆட்சி வெள்ளை என்றால் எல்லாமே மறையும். கடைசியாக, இந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் தலைப்பொட்டு பாலைச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் மூலச் சோடியிடமே திரும்பவேண்டும். அதனால் வரியில்லாச் சேவல் வழி ஒன்று, வரிப் பேட்டு வழி ஒன்று என இரண்டு கூடுகளைத் தனித்தனியே காப்பாற்றவேண்டும்.

பண்ணைகளிலிருந்து முட்டைக்காலம் முடிந்து மலிவாக வரும் செங்கோழிகளும் இதே போன்ற உத்தியில் பிறந்தவைதான். அங்கே வரிக்குப் பதில் பொன், வெள்ளி என்ற இரு அலகுகள் வேலை செய்கின்றன: பொன்னிறச் சேவலும் வெள்ளிப் பேடும் சேர, மகள் கபிலமாகவும் மகன் வெளிர்மஞ்சளாகவும் பொரிக்கிறது. அந்தச் செங்கோழியை ஊர்ச்சேவலோடு சேர்த்து அதே போன்ற செங்கோழியை எதிர்பார்க்காதீர்கள். அது ஒரு கலப்பின் முடிவு, இனம் அல்ல. அதன் வாலில் வெள்ளை தெரிந்தால் ஆட்சி வெள்ளையும் ஒரு பிரதி இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

ஆறாம் படி: வெள்ளையை விசாரியுங்கள்

என் இரண்டு சேவல்களுக்கு வருவோம். லெகோர்னின் வெள்ளை ஆட்சியானது. ஒரு பிரதியே கறுப்பை அழித்துவிடும், ஆனால் சிவப்பை அவ்வளவாக அழிக்காது. வெள்ளை உடம்பும் செம்பழுப்புத் தோளும் கொண்ட சேவல்கள் இப்படி வருபவை. சந்தையில் வாங்கிய சேவலின் வெள்ளை பின்னிடைவானது. கறுப்பு, சிவப்பு இரண்டையும் மூடிவிடும், ஆனால் இரண்டு பிரதி வேண்டும். என் கறுப்புப் பேடுகளிடம் அது ஒன்றும் இல்லை, அதனால் பதினொரு கறுப்புக் குஞ்சு. வேலிப் பொத்தல் நிரபராதி.

வெள்ளைச் சேவல் ஒன்று கைக்கு வந்தால் சுத்தக் கறுப்புப் பேடுகளோடு ஓர் அடை பாருங்கள். எல்லாம் வெள்ளை என்றால் ஆட்சி வெள்ளை இரு பிரதி. பாதி வெள்ளை என்றால் ஆட்சி வெள்ளை ஒரு பிரதி. ஒன்றும் வெள்ளை இல்லை, எல்லாம் கறுப்பு என்றால் பின்னிடைவு வெள்ளை. எல்லாம் நீலச் சாம்பல் என்றால், நீங்கள் வாங்கியது வெள்ளையே அல்ல, தெறிப்பு, அதிர்ஷ்டம்.

பின்னிடைவு வெள்ளை பொல்லாதது. அதன் அடியில் வரி இருக்கலாம், நீலம் இருக்கலாம், எதுவும் இருக்கலாம். பனிமூட்டத்துக்குள் நிற்கும் வீடு போல. அதைவிட மோசம், அதை ஒரு பிரதியாக ஏந்தியிருக்கும் கறுப்புக் கோழி. பார்வைக்குச் சுத்தக் கறுப்பு. சந்தேகம் இருந்தால் பின்னிடைவு வெள்ளைக் கோழி ஒன்றோடு சேர்த்துச் சோதியுங்கள். அது அந்த அலகை ஏந்தியிருந்தால் குஞ்சுகளில் பாதி வெள்ளையாக வரவேண்டும். ஏழு குஞ்சு பொரித்து ஒன்றுகூட வெள்ளை இல்லையென்றால், ஏந்தியிருந்தும் தப்பியிருக்கும் வாய்ப்பு 128இல் ஒன்று. நான் ஏழோடு நிறுத்திக்கொள்வேன். பொறுமைசாலிகள் பத்துப் பார்க்கட்டும்.

ஏழாம் படி: நிலைநிறுத்தலும் எல்லையும்

விரும்பிய நிறம் ஒரு கோழியில் வந்துவிட்டது. அதைப் பெருக்க மகளைத் தகப்பனோடு சேர்ப்பது குறுக்குவழி. ஒரு தலைமுறைக்கு அது பாதகமில்லை. ஒளிந்திருக்கும் பின்னிடைவுகளை வெளியே இழுக்கும் நல்ல சோதனைகூட. திரும்பத் திரும்பச் செய்தால், முதலில் பொரிப்பு குறையும், பிறகு குஞ்சு சோரும், பிறகு முட்டை குறையும். இரண்டு மூன்று கூடுகளில் தனித்தனிக் குடும்பங்கள் வைத்து, பேடுகளை அவை பிறந்த கூட்டிலேயே விட்டு, ஒவ்வொரு கூட்டின் இளஞ்சேவலையும் ஆண்டுதோறும் அடுத்த கூட்டுக்கு மாற்றுங்கள். இதே வேலை செய்யும் நண்பர் ஒருவர் கொடிகாமத்திலோ சுன்னாகத்திலோ இருந்தால் சேவலை மாற்றிக்கொள்ளலாம். வந்த சேவலை மூன்று கிழமை ஒதுக்குப்புறமாகக் கட்டிவைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகு கூட்டுக்குள் விடுங்கள்.

நிறத்தோடு சேர்த்து இறகின் அமைப்பையும் மாற்றப் பார்க்கும் ஆசை வரும். சுருட்டை இறகுக் கோழிகள் இரண்டைச் சேர்க்காதீர்கள். குஞ்சுகளில் நான்கில் ஒன்று இரு பிரதியாகி, இறகு முறிந்து அரைகுறை அம்மணமாகத் திரியும். சுருட்டையைச் சாதாரணக் கோழியோடு மட்டும் சேர்த்தால் பாதி சுருட்டை கிடைக்கும், யாருக்கும் துன்பம் இல்லை. மொட்டைக்கழுத்துக் கோழியோ வேறு கதை. ஒரு பிரதி இருந்தால் கழுத்து மொட்டையாகி முன்பக்கம் ஒரு சிறு இறகுக் கற்றை மிஞ்சும். இரண்டு பிரதி என்றால் அதுவும் இராது. உடம்பிலும் இறகு குறைவதால் அவை வெக்கையைத் தாங்கும். அழகில்லை என்று எங்கள் ஊரில் ஒதுக்குகிறார்கள். பங்குனி சித்திரையில் மற்றக் கோழிகள் வாய் திறந்து இளைக்கும்போது இவை கிளறிக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறேன். நிறத்துக்கு முன் இதைத் தேர்ந்தெடுத்திருக்கலாமோ என்றுகூட நினைப்பதுண்டு.

கால் நிறம் இறகு நிறத்தோடு சேர்ந்தது அல்ல. மஞ்சள் தோல் தனியொரு பின்னிடைவு அலகு. அது வீட்டுக்கோழிக்கு அதன் முதன்மை மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து அல்ல, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்துக் காட்டின் ஒரு துண்டு எங்கள் வளவில் மஞ்சள் காலோடு நடக்கிறது. எங்கள் நாட்டின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியை மட்டும் இந்த ஆசைக்குள் இழுக்கவேண்டாம். அது காட்டிலேயே இருக்கட்டும்.

விற்கும்போது கொப்பியைத் திறந்து காட்டுங்கள். நீலப் பேடு வாங்குபவருக்கு, இதன் குஞ்சில் கறுப்பும் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு படலையில் சண்டை இல்லை.

நிறம் தவறிய சேவல்களைக் கழிக்கத்தான் வேண்டும்; எல்லாவற்றுக்கும் தீனி போட முடியாது. ஆனால் தகப்பன் சேவலை மட்டும், அதன் குஞ்சுகளுக்கு முழு இறகு வரும் வரை, குறைந்தது ஐந்து மாதம் வைத்திருங்கள். சந்தையில் வாங்கிய அந்த முதல் வெள்ளைச் சேவலை, பதினொரு கறுப்புக் குஞ்சு கொடுத்த கோபத்தில், இரண்டாம் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை கறியாக்கிவிட்டோம். ஐந்தாம் மாதம் அந்தக் கறுப்புக் குஞ்சுகளில் ஆறு சேவல்களின் இறகில் வரிகள் துலக்கமாகத் தெரிந்தன. மற்ற ஐந்தும் பேடுகள், அவற்றிலும் வரி. ஒன்றுகூடத் தவறவில்லை. வெள்ளைக்கு அடியில் இரு பிரதி வரியை ஒளித்து வைத்திருந்த சேவல் அது.